அழுகண்ணியின் விரதம்

என் மச்சாள் ஜெகதீஸ்வரி உட்கார்ந்திருந்ததைக் கண்ட ஆள் வெள்ளவத்தையில் யாராவது இருந்தால் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்த நானே கண்டதில்லை. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். ஒரு வாய் சோறு, குசினிக்கு ஒரு ஓட்டம், இன்னொரு வாய், கேற்றடிக்கு ஒரு ஓட்டம். காலில் சுடுதண்ணீர் ஊற்றினமாதிரி என்று ஆட்களைச் சொல்வார்கள். இவளுக்குப் பிறக்கும்போதே ஊற்றிவிட்டார்கள். "மச்சாள், ஒருக்கால் இருங்கோவன்" என்று கதிரையை இழுத்துப் போட்டால், "இருந்தால் ஆர் செய்யிறது?" என்று கேட்டு, கதிரையின் தூசியைத் தட்டிவிட்டுப் போவாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. வாயால் கதைக்கும்போது மரியாதையாக ங்கோ போடுவேன், மனதில் நினைக்கும்போது அவள்தான். நான் கலியாணம் கட்டாமல் அண்ணன் வீட்டோடு ஒட்டிக்கொண்டவள். கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ரைப்பிஸ்ட். பெயர் சரோஜினிதேவி. நாக்கு கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளுடைய புருஷன், அதாவது என் அண்ணன் தில்லைநாதன், அவளுக்கு நேர்மாறு. கட்டிடக் கம்பனி ஒன்றில் வரைபடம் கீறுகிறவர். இருந்த இடத்தில் இருப்பார். பக்கத்தில் வெடி போட்டாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதனைப் பிடித்துக்கொண்டு போகும்படி செய்தது ஒரு செடி என்றால் யார் நம்புவார்கள்? பொலிசும் நம்பவில்லை. கதையே அதுதான்.

செடி வந்த விதம் இது. அண்ணனோடு வேலை செய்த வின்சன்ற் ஹெந்தளையில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போன அண்ணன், பின்வளவுச் சதுப்பில் ஈரமணலோடு ஒட்டிக் கிடந்த சிவப்புப் பொட்டுகளைக் கண்டுவிட்டு சாப்பாட்டையே மறந்துபோனாராம். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு. வட்டமாக விரிந்த குட்டி இலைகள், இலை நிறைய மயிர், மயிர் நுனியில் ஆளுக்கொரு துளி. பார்க்கப் பனி, தொட்டால் பசை. தேன் என்று நினைத்துச் சின்ன இலையானோ, அதுதான் ஈயோ, எறும்போ வந்து குந்தினால் ஒட்டிக்கொள்ளும். உடனே ஓரத்து மயிரெல்லாம் உள்ளே வளைந்து அதைப் பொத்திப் பிடிக்கும். பிறகு கரைத்துக் குடித்துவிடும். நம்மட ஆட்கள் அழுகண்ணி என்று சொல்கிற செடி அதுதான். அண்ணன் அதை மண்ணோடு அள்ளி ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"உதுக்கு என்ன எரு போடுறது?" என்று மச்சாள் முதல் நாளே கேட்டாள். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த குடும்பம். எரு போடாமல் ஒன்று வளரும் என்பது அவளுக்கு விளங்காத விஷயம்.

"ஒண்டும் போடக்கூடாது" என்றார் அண்ணன். "வெறும் மணலும் கழுவின தும்புத்தூளும் போதும். எரு போட்டால் செத்துப்போகும். பைப் தண்ணி விட்டாலும் செத்துப்போகும். மழைத்தண்ணி மட்டும்தான்."

"நல்லது குடுத்தால் சாகிற சாதியும் இருக்கோ உலகத்தில?"

"மண்ணில சத்து இல்லாத இடத்தில வளந்து பழகினது, ஜெகம். அதாலதான் பூச்சி பிடிக்குது."

பூச்சி பிடிக்கிற விஷயத்தை அவர் அப்போதே சொல்லியிருக்கக்கூடாது. மச்சாள் பிறந்ததிலிருந்து மச்சம் தொடாதவள். நானும் அண்ணனும் மீன் சாப்பிடுவோம், அதற்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, சமைப்பதும் பின்பக்க அடுப்பில். சீனிப் போத்தலில் எறும்பு ஏறினால் அதை ஒரு தாளில் தட்டி, மாடிப்படி இறங்கிப் போய் வேலியோரம் விட்டுவிட்டு வருகிறவள் அவள். அவளுடைய பல்கனியில் உயிரைப் பிடித்துத் தின்னுகிற செடி! நாலு நாள் அண்ணனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. முழுகி, விபூதி பூசி, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு நேரே பல்கனிக்குப் போனாள். சாப்பாட்டில் இலையான் மொய்க்காமல் மூடுகிற வலைமூடியை எடுத்துச் செடிப்பெட்டிக்கு மேல் கவிழ்த்தாள்.

"வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில ஒருத்தரும் மச்சம் சாப்பிடேலாது" என்றாள். "உங்கட செடியும் சேர்த்துத்தான்."

நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, விரதம் பிடிக்கட்டும். அதுக்கும் நல்லதுதான், கூடத் தின்றால் இலை அழுகிப்போகும்" என்றார். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். வெள்ளி முழுக்கச் செடிக்கு மூடி. கந்தசஷ்டி ஆறு நாளும் மூடி. ஏழாம் நாள் அவள் பாறணைக்குப் பிறகு தானே மூடியைத் தூக்கிவிட்டு, "ம், இனித் தின்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு பெட்டி ஐந்து பெட்டியானது. கூரைப்பீலித் தண்ணீரைப் பிடிக்க அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பரல் வைத்தார். காலையில் பூதக்கண்ணாடியும், பூச்சியை இடுக்கிப் பிடிக்கிற சாமணமும் கையுமாக அங்கேதான் குந்தியிருப்பார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் எல்லாவற்றையும் கெடுத்தது. தை மாதம் கோட்டையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பெயரோடு கொழும்பில் நடமாடுவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சந்திக்குச் சந்தி மறிப்பார்கள், பையைக் கொட்டச் சொல்வார்கள், எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்பார்கள். அதோடு மழையும் இல்லை. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்முழுக்க மணிக்கணக்காய் மின்வெட்டு. பரல் அடிமட்டத்துக்கு வந்தது. அண்ணன் அழுகண்ணிக்குத் தண்ணீர் தேடி றவூப் நானாவின் கடையில் போய் நின்றார். கார் பற்றரிக்கு சார்ஜ் ஏற்றுகிற கடை. அங்கே விற்கிற பற்றரித் தண்ணீர் காய்ச்சி வடித்தது, உப்பு இல்லாதது, மழைத்தண்ணீருக்குச் சமம். கிழமைக்குக் கிழமை வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார்.

அட கடவுளே, எதை அடுக்கினார் பாருங்கள்! தமிழன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பற்றரித் தண்ணீர்ப் போத்தல்கள்! பக்கத்தில் சுருட்டி வைத்த கட்டிட வரைபடங்கள்! எனக்கும் மச்சாளுக்கும் அது உறைக்கவில்லை. வீட்டில் தினமும் கண்ணில் படுகிற சாமான் ஒருவனுக்குக் குண்டாகத் தெரியும் என்று யார் நினைப்பார்கள்?

ஒருநாள் விடிந்து பால் காய்ச்சுகிற நேரத்தில் பொலிசும் ஆமியும் எங்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் ஏறியவர்கள் அலுமாரியைக் கொட்டினார்கள், அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள், பல்கனியில் செடிப்பெட்டிகளைத் துவக்கு நுனியால் கிளறித் தட்டிவிட்டார்கள். கடைசியாக மாடிப்படிக்குக் கீழே குனிந்தவன் ஒரு போத்தலைத் தூக்கிப் பிடித்தான்.

"மே மொகடத?" இது எதற்கு என்று கேட்டான்.

அண்ணன் உள்ளதைச் சொன்னார். "கஹட்ட, சேர்." செடிக்கு.

"கஹட்ட? பெட்டரி வத்துர?" செடிக்குப் பற்றரித் தண்ணீரா? அவன் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவன் சிரித்தான். சிரித்தவன்தான் அண்ணனின் சேர்ட் கொலரைப் பிடித்தான். கால்செருப்பைப் போடவும் விடவில்லை. போத்தல்களையும் வரைபடங்களையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மச்சாள் ஜீப்புக்குப் பின்னால் காலி வீதி வரைக்கும் ஓடினாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன், என்ன கத்தினேன் என்று எனக்கு இப்போதும் ஞாபகமில்லை. திரும்பி வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

சவுந்தரநாயகம் என்ற சட்டத்தரணியைப் பிடித்தோம். நல்ல மனிதர், ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே எங்கள் உயிரை எடுத்தார். மறுநாள் பொலிசுக்குப் போய் வந்து சொன்னார்: "இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், பிள்ளை. பற்றரித் தண்ணி குடிச்சு, பூச்சி தின்னுற செடியாம். இவ்வளவு காலத்தில தான் கேட்டதில இதுதான் திறமான பொய்யாம்."

"பொய்யோ?" மச்சாள் அவருடைய கந்தோர் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டே கேட்டாள். "வந்து பாக்கச் சொல்லுங்கோ!"

"அதைத்தான் நானும் சொன்னனான். அவர் வரமாட்டார். நீங்கள்தான் கொண்டு போகவேணும். வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் நேரம் தந்திருக்கிறார். தன்ர கண்ணுக்கு முன்னால அது பூச்சி பிடிச்சுத் தின்னவேணுமாம். திண்டால் தில்லைநாதன் சொன்னது உண்மை. தின்னாட்டில்…" கண்ணாடியைத் துடைத்தார். "சனிக்கிழமை வேற இடத்துக்கு மாத்திறதாம். மாத்தினால் எங்கை எண்டு தேடிப்பிடிக்கிறதே பெரும்பாடு. ஆகவே செடியைப் பத்திரமாய் வைச்சிருங்கோ. சாகவிட்டிடாதேயுங்கோ."

வீட்டுக்கு வந்து பல்கனியைப் பார்த்தோம். ஐந்து பெட்டியில் மூன்று மணலோடு மணலாய் மிதிபட்டுக் கிடந்தன. இரண்டு மிச்சம். இரண்டிலும் துளி வற்றி, இலைகள் வாடியிருந்தன. பரலில் ஒரு சொட்டு இல்லை. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மச்சாள் குசினியிலிருந்து அரிசி கழுவின தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து, ஒரு பெட்டியில் கவிழ்த்துவிட்டாள். கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் தினமும் ஊற்றுகிற தண்ணீர். பத்து வருஷமாக அதை ஊற்றித்தான் எல்லாவற்றையும் தளிர்க்க வைத்தாள்.

"மச்சாள்! என்ன செய்து போட்டியள்!"

"வாடிக் கிடக்குது, சரோ. ஒரு வாய் தண்ணி குடுக்காமல் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

"அண்ணை சொன்னது காதில விழேல்லையோ? மழைத்தண்ணி மட்டும் எண்டு எத்தினை தரம் சொன்னவர்! விசரே உங்களுக்கு?" நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் வெறுஞ்செம்போடு நின்றாள். அண்ணனைக் கொண்டுபோனபோதுகூட அழாதவள் அப்போதுதான் அழுதாள். அதையும் நடந்துகொண்டுதான் அழுதாள். இரண்டு நாளில் அந்தப் பெட்டி கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இனி ஒரேயொரு பெட்டி. அதில் மூன்றே மூன்று செடி. அண்ணன் வீடு வருவதும் வராததும் அந்த மூன்று பொட்டில் வந்து நின்றது.

றவூப் நானாவின் கடைக்கு ஓடினோம். எங்களைக் கண்டதும் அவருடைய முகம் சுருங்கியது.

"கோவிச்சிக்காதீங்க தங்கச்சி" என்றார். "ரெண்டு தரம் வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டானுகள். இனி ஒங்களுக்கு ஒரு போத்தல் தந்தா நானும் தில்லைநாதன் ஐயாவோட போய்க் குந்த வேண்டியதுதான். எனக்கும் புள்ளகுட்டி ஈக்கிது." நாங்கள் திரும்பும்போது பின்னால் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏஸி மெசினுக்குப் பின்னால ஒரு கொழாய் சொட்டும், கண்டீக்கிறீங்களா? அந்தத் தண்ணியும் இதுவும் ஒண்டுதான். அதப் புடிக்க யாரும் சல்லி கேக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு என் மச்சாளைக் காலி வீதியில் பார்த்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். மின்சாரம் இருந்தால்தானே ஏஸி ஓடும்? ஏஸி ஓடினால்தானே சொட்டும்? எந்தப் பகுதிக்கு எப்போது கரண்ட் வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு கடைகளின் பின்பக்கத்தில் அண்ணாந்து பார்த்தபடி ஓடித் திரிந்தாள். ஒரு வங்கிக்குப் பின்னால் நின்றபோது காவலுக்கு நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிவிட்டான். நல்லகாலம், நான் கூட இருந்தேன். ஒரு பெரிய புடவைக்கடைக் காவலாளி இராமர்தான் கடைசியில் இரக்கப்பட்டார். மலையகத்து மனிதர். "நீங்க இங்க நிக்காதீங்கம்மா, பாக்குறவன் ஒண்ணு கெடக்க ஒண்ணு நெனப்பான். போத்தலக் குடுங்க, நானே கட்டித் தொங்க விடுறேன்" என்றார். இடையிடையே வருகிற கரண்டுக்கு ஒரு நாள் முழுக்கச் சொட்டினாலும் கால் போத்தல்தான் தேறும். அதை மச்சாள் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள். செடிக்கு மேலே ஊற்றாமல், அண்ணன் செய்கிறமாதிரி, பெட்டிக்குக் கீழே தட்டில் விட்டு ஊறவைப்பாள்.

மெல்ல மெல்ல துளி கட்டியது. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு எறும்பைப் பிடித்துப் போடப் போனேன். மச்சாள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"போடாதை! வயிறு நிறைஞ்சிருந்தால் வெள்ளிக்கிழமை எப்பிடித் தின்னும்? ஒருக்கால் மூடின இலை விரிய எத்தினை நாள் செல்லும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாதுதான். வெள்ளிக்கு வெள்ளி மூடி போட்டு எடுத்தவளுக்குத் தெரிந்திருந்தது. வலைமூடியை எடுத்துக் கவிழ்த்தாள். அதற்கு மேல் ஒரு மெல்லிய சேலைத்துண்டையும் கட்டினாள், ஒரு நுளம்பு, கொசுகூட நுழையாதபடி. வெயில் மட்டும் படவிட்டாள். வெள்ளி வரும்வரை செடிக்கு விரதம். அவளும் கூடவே இருந்தாள். கந்தசஷ்டிக்கு இருக்கிறமாதிரி ஒரு நேரம் பாலும் பழமும், அவ்வளவுதான். "அது பட்டினி கிடக்கேக்கை நான் சோறு திண்டால் சரியோ?" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட எனக்கும் மனம் வரவில்லை. பாணும் வாழைப்பழமும்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. முழுகினாள், விபூதி பூசினாள், விளக்கேற்றினாள். அதே கையோடு, கனிந்து கறுத்த வாழைப்பழத்தில் மொய்த்த சின்ன இலையான்களை ஒரு ஜாம் போத்தலால் மூடிப் பிடித்தாள். எறும்பை மாடிப்படி இறக்கிவிடுகிறவள்! "குடுங்கோ, நான் பிடிக்கிறன், எனக்கென்ன, நான் மீன் தின்னுறவள்தானே" என்று கேட்டேன். தரவில்லை. "பாவம் வந்தால் எனக்கே வரட்டும்" என்றாள்.

பொலிஸ் வாசலில் காவல் நின்றவன், செடிக்கென்று கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டான். அந்த நாட்களில் எங்கும் அதுதானே, போத்தலோடு போனால் அவர்களுக்கு முன்னால் குடித்துக் காட்டவேண்டும். "பொண்ட" என்றான், குடி என்று. விரதக்காரி ஏஸித் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். பிறகு ஜாம் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே இலையான்கள் பறந்துகொண்டிருந்தன. "மே மொகடத?" என்றான். "கஹட்ட" என்றாள் மச்சாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேம" என்றும் சேர்த்தாள். செடிக்குச் சாப்பாடு. அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கதவைத் தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித் திறந்தான்.

இன்ஸ்பெக்டர் நடுவயது மனிதர், தொப்பை, களைத்த கண். சவுந்தரநாயகம் ஒரு மூலையில் நின்று கண்ணாடி துடைத்தார். அண்ணனைக் கொண்டுவந்தார்கள். நான்தான் முதலில் பார்த்தேன். தாடி வளர்ந்து, ஒரு கண்ணைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாய் இருந்தது. வெறுங்கால். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மச்சாள் அவரை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு பெட்டியை மேசையில் வைத்து, சேலைத்துண்டை அவிழ்த்து, மூடியைத் தூக்கினாள். மூன்று செடியும் யன்னல் வெளிச்சத்தில் துளியும் பளபளப்புமாய் இருந்தன.

சாமணத்தை எடுத்தாள். ஜாம் போத்தலுக்குள் விட்டு ஒரு இலையானை இறகில் பிடித்தாள். அந்த நேரம் அண்ணன் வாய் திறந்தார். கிட்டத்தட்ட ஒரு கிழமைக்குப் பிறகு அவர் எங்களோடு கதைத்த முதல் வார்த்தை:

"ஜெகம், இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், திரும்பாமலே. "நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

இலையானை இலையில் வைத்தாள். அது காலை உதறியது, இன்னும் ஒட்டிக்கொண்டது. நான் பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பின்னால் சாய்ந்தார். அப்போதுதான் இலை ஓரத்து நீள மயிர் ஒன்று அசைந்தது. பிறகு இரண்டு, மூன்று. நாள்கணக்காய்ப் பட்டினி கிடந்த செடி! நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றியிருந்த மயிரெல்லாம் மடிந்து வந்து இலையானைப் பொத்திப் பிடித்தன. இன்ஸ்பெக்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தார்.

"அம்மட்ட சிரி!" என்றார், அம்மாடியோ என்கிறமாதிரி.

அதோடு விட்டாரா? முழுப் பொலிசையும் கூப்பிட்டார். கான்ஸ்டபிள்மார், தேநீர் கொண்டுவந்தவன், தட்டச்சு அடிக்கிறவன் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். "இன்னொன்று போடு நோனா, இன்னொன்று" என்று கேட்டுக் கேட்டுப் போடவைத்தார்கள். மச்சாள் ஒன்றொன்றாய்ப் பிடித்து வைத்தாள், விபூதி நெற்றியோடு, மூடாத இலை ஒன்றுமில்லை என்று ஆகும்வரைக்கும். அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அந்த மேசையையே புரட்டிப் போடவேண்டும் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இது இங்கே இருக்கட்டும், மேலிடத்துப் பெரியவருக்கும் காட்டவேண்டும் என்றார். இரண்டு நாள் கழித்து அண்ணனை விட்டார்கள். வரைபடங்களைத் திருப்பித் தந்தார்கள். போத்தல்களைத் தரவில்லை.

பிறகு மழையும் வந்தது. தட்டிவிட்ட பெட்டிகளின் மணலை மச்சாள் கூட்டி அள்ளிப் பல்கனி மூலையில் ஒரு தட்டில் குவித்திருந்தாள். அந்த மணலில் ஊசிமுனை அளவில் சிவப்புச் சிவப்பாய் முளைத்தன. அவள்தான் கண்டாள். "சரோ, ஓடிவா!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு நான் மறுபடியும் ஜீப் வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தடவை அரிசித் தண்ணீரை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை.

அந்தச் செடிக்குஞ்சுகள் ரூபாய்க் குற்றியளவுக்கு வந்த காலத்தில் உண்மையாகவே ஒரு கான்ஸ்டபிள் கேற்றைத் தட்டினான். அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்தான் கேற்றைத் திறந்தேன். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான். சேர் பைப் தண்ணீர் ஊற்றினாராம், செடி செத்துவிட்டதாம், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வரச்சொன்னாராம். மச்சாள் ஒரு மாஜரின் டப்பாவில் ஒரு செடியை மணலோடு வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னாள்: "உங்கட சேருக்குச் சொல்லுங்கோ, பெட்டரி வத்துர. அதுதான் விடவேணும். கடையில நிறைய வாங்கி, மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைக்கச் சொல்லுங்கோ." அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் கேற்றைச் சாத்திவிட்டு, அவ்வளவு நாளைக்கும் சேர்த்துச் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை. அறைக்கதவைப் போய்த் தட்டினாள். "போயிட்டான், வாங்கோ."

பொலிசில் உள்ளே என்ன நடந்தது என்று அண்ணனிடம் கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். இருந்த இடத்தில் இருந்த மனிதன் இப்போது ஓரிடத்தில் இருக்கமாட்டார். கேற்றுச் சத்தம் கேட்டால் எழும்புவார், மோட்டார் சைக்கிள் போனால் யன்னலுக்குப் போவார், சாப்பாட்டுத் தட்டை இடையில் வைத்துவிட்டு நடப்பார். வரைபடம் கீறக் கை நிற்கவில்லை என்று வேலைக்கு லீவு போட்டார். செடிப் பக்கம் போகவே இல்லை. மச்சாள்தான் தண்ணீர் விட்டாள், மச்சாள்தான் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். சாமணம் அவளுடைய இடுப்புச் செருகலுக்கு வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் விளக்குமாறோடு பல்கனிக்குப் போய், அங்கேயே நின்று சத்தம் போட்டாள்.

"ஆர் மூடினது? இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே!"

அண்ணன் பின்னால் வந்து நின்றார். "நான்தான்."

"நேற்றும் மூடியிருந்தது. முந்தநாளும் மூடியிருந்தது. அது பட்டினி கிடந்து சாகப்போகுது."

அவர் பெட்டிக்குக் கிட்டே வந்தார். மூடிக்குள் எப்படியோ ஒரு நுளம்பு போய் இலையில் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தார். மச்சாளின் இடுப்பிலிருந்து சாமணத்தை எடுத்தார், மூடியைத் தூக்கினார், தரையில் குந்தினார். அதன் ஒவ்வொரு காலிலிருந்தும் மயிரை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினார். விலக்கினால் மற்றது வந்து பிடிக்கும்.

"என்னப்பா செய்யிறியள்? அது தன்ர பாட்டில தின்னட்டும், விடுங்கோ."

"கால் இன்னும் ஆடுது, ஜெகம்."

"ஆடட்டும்."

"பிடிச்ச உடன சாகாது" என்றார் அண்ணன். "நான் முந்தி அப்பிடித்தான் நினைச்சனான். இல்லை. கனநேரம் உயிரோட கிடக்கும். கிடந்து, சுத்தி நிக்கிறவங்களைப் பாத்துக்கொண்டே இருக்கும்."

உள்ளே நடந்ததைப் பற்றி அவர் எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான். அன்றும் அவ்வளவுதான், இன்றுவரைக்கும் அவ்வளவுதான்.

மச்சாள் விளக்குமாறைச் சுவரில் சாத்தினாள். ஒரு கையால் செடிப்பெட்டியை ஆடாமல் பிடித்தாள். "சரி, எடுங்கோ" என்றாள். "மெல்ல. காலை முறிச்சுப் போடாமல் எடுங்கோ."

நுளம்பு வந்துவிட்டது. அண்ணன் அதை விரல்நுனியில் ஏற்றினார். இறகு பசையில் ஒட்டியிருந்தது, பறக்கமுடியவில்லை. வெயிலில் காய்ந்தால் பறக்கும் என்றார். குசினியில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் விரலை வெயிலில் நீட்டியபடியே இருந்தார். பக்கத்தில், சீமெந்துத் தரையில், என் மச்சாள் ஜெகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.